மார்க்கர் கோப்பை

புது டென்னிஸ் பந்து டப்பாவின் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வெளியேறும். பின்னாலேயே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். அறுபதுகளில், இராயபுரத்து கிளப் ஒன்றில் 'மார்க்கர்' வேலை பார்த்த என் நைனா அருளப்பன் மேல் எப்போதும் அந்த வாசனைதான். உறுப்பினர்களோடு சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுபவர்தான் மார்க்கர். வக்கீலோ டாக்டரோ, அவர்கள் மட்டைக்கு நேராகப் பந்தைப் போட வேண்டும், கடைசியில் நாசூக்காகத் தோற்க வேண்டும், "நல்ல ஷாட் சார்!" என்று சொல்லவும் வேண்டும். அந்தத் தொழிலில் நைனா கெட்டிக்காரர்.

காசு வாங்கி ஆடுகிறவர்கள் என்பதால் வழக்கமான போட்டிகளில் மார்க்கர்களைச் சேர்க்க மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் சிமெண்ட் கோர்ட்டில் மார்க்கர்களுக்கென்றே ஒரு போட்டி நடக்கும். உறுப்பினர்களின் பெயர் மட்டுமே தங்க எழுத்தில் ஏறும் தேக்குப் பலகையில், ஜெயிக்கிற மார்க்கர் பெயரையும் எழுதப்போவதாக ஒரு வருடம் செயலாளர் அறிவித்துவிட்டார். அம்மா அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். பத்து வயதுக்காரி நான், பலகையில் எங்கள் நைனா பெயர் வரப்போகிறது என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

இறுதி ஆட்டத்தில் எதிரே மயிலாப்பூர் பக்கத்து கிளப்பிலிருந்து வந்த கோபால், இருபது வயதுப் பையன். நைனா அவனை ஓடவைத்தே களைக்க வைத்தார். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை. அப்போது கோபால் இடது மூலையில் வழுக்கி விழுந்தான். வலது பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. வலைக்குப் பக்கத்தில் நின்ற நைனாவுக்கோ நல்ல உயரத்தில் பந்து வந்தது. நைனா அதை மெத்தென்று, எழுந்துகொண்டிருந்த கோபாலின் மட்டைக்கே அனுப்பினார். அவன் ஓங்கி அடித்தான். பந்து நைனாவைத் தாண்டிப் போயிற்று.

"நல்ல ஷாட் சார்!" என்றார் நைனா.

கூடியிருந்த உறுப்பினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நைனாவின் முகம் கறுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஒரு கேம்கூட ஜெயிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இன்னா நைனா, அவனுக்கு நீயே ஊட்டி வுட்டியே!" என்று கத்தினேன்.

"வேணும்னா பண்ணேன் கண்ணு? இருவது வருசமா சாருங்களுக்கே போட்டுப் பயகின கை. நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு பண்ணுது."

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பள்ளியில் என்னைக் கிண்டல் செய்தார்கள். அதற்கும் அவர்மேல்தான் கோபம். நாலாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"இன்னும் கோவமா கீறியாம்மா? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த வருடம் போட்டி நடக்கவில்லை. அதன் பிறகும் நடக்கவே இல்லை.

கிளப் இருந்த இடத்தில் இன்று கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. மார்க்கர் என்றால் இப்போது யாருக்கும் தெரிவதில்லை. கோபாலின் பெயர் ஏறிய பலகை எந்தப் பழைய மரக்கடைக்குப் போனதோ, போகட்டும். தோற்றவர் நைனா, என்னைச் சமாதானப்படுத்தியவரும் அவரேதான். அன்று அவர் எவ்வளவு அழகாக ஆடினார் என்பதை நான் பார்த்தேன். அதை அவரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.