அரிசி வைத்துத் தைத்த ரவிக்கை

கடைக்குள் நுழையும்போது தேவசேனா இன்னமும் பக்கவாட்டில்தான் திரும்புகிறாள். முதலில் இடது தோள், அடுத்து வயிறு இருந்த இடம், பிறகு மற்றதெல்லாம். இரண்டு தையல் மெஷினுக்கும் நடுவில் இப்போது அவளைப் போல இன்னொருத்தியும் கூடவே நடந்து போகலாம், அவ்வளவு இடம் இருக்கிறது. ஆனால் இருபது வருஷம் கனத்துக் கிடந்த உடம்புக்கு அந்தத் தகவலை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே ஞாபகம் வரும். "பாத்தியா, மறுபடியும்" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு பாபினில் நூல் சுற்ற ஆரம்பிப்பாள்.

திருப்பதியில் கங்கம்மா கோயிலுக்குப் போகிற தெருக்களில் ஒன்றில் இருக்கிறது அவளுடைய ரவிக்கைக் கடை. பிறந்தது நகரியில், பவர்லூம் சத்தத்துக்கு நடுவில். அதனால் அவள் ரகசியம் சொன்னால் எதிர்வரிசை ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் கேட்கும். வாடிக்கைக்காரிகளிடம் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். யாராவது வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுத்தால் டேப்பைக் கீழே விட்டுவிட்டுக் காத்திருப்பாள். "மூச்ச விடு தாயி. ரவிக்க போட்டுக்கினு பொழுதன்னிக்கும் இப்டியேவா நிப்பே?" என்பாள். கழுத்தில் டேப், வாயில் குண்டூசி, பேச்சு மட்டும் நிற்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஆபரேஷன் செய்து அவளுடைய இரைப்பையைச் சின்னதாக்கினார்கள். முட்டிவலி, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று எல்லாம் சேர்ந்து அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. "வயித்த வாழப்பழ சைஸுக்குப் பண்ணிட்டாங்க. அதுல இன்னாத்த துன்றது?" என்று அவள் கேட்பது புகார் இல்லை, பெருமை. ஒரு இட்லியை நாலாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் ஆற அமர மென்று, கடைசித் துண்டைக் காக்காய்க்கு வைப்பாள். கல்யாணப் பந்தியில் அவள் பக்கத்து நாற்காலிக்கு இப்போது ஏகப்பட்ட கிராக்கி. அவள் இலையில் விழுகிற வடையும் ஜாங்கிரியும் பக்கத்தில் இருப்பவருக்குத்தானே போகும்.

எடை பாதியாகக் குறைந்தது. முட்டிவலி போனது, மாத்திரை டப்பா போனது. திருமலைப் படியில் பாதி தூரம் ஏறிக்கூடப் பார்த்துவிட்டாள். ஆனால் கொழுப்பு இறங்கியபோது எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று அவளைக் கேட்டுக்கொண்டு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது, மேல்கை தொங்கிப்போனது. மார்பு இருந்த இடத்தில் தோல் மட்டும் மிச்சம். "லைனிங் கீது, துணி எங்கியோ பூட்ச்சி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். தெருவில் பார்க்கிறவர்கள் இரக்கத்தோடு, "இன்னாம்மா, எதனா சீக்கா?" என்று கேட்பதுதான் அவளுக்கு எரிச்சல். காசு கொடுத்து இளைத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது.

ஊருக்கெல்லாம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தவள் தனக்கும் தைத்துக்கொண்டாள். அந்தப் பஞ்சு ஓரிடத்தில் நிற்காது. மெஷினை மிதிக்க மிதிக்க ஒன்று தோளுக்கு ஏறும், மற்றொன்று அக்குளுக்கு நகரும். ஒருநாள் கல்லூரி லெக்சரர் ஒருத்திக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, எதிரே நின்றவளின் பார்வை தன் ரவிக்கையின் ஓரத்தில் போய் நின்றதைத் தேவசேனா கவனித்தாள். அசராமல் கையால் தள்ளி இடத்தில் வைத்துவிட்டு, "வேல நேரத்துல லீவு கேக்குது மேடம்" என்றாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த அம்மாள் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்றபோது தேவசேனாவுக்கு வந்த கண்ணீர் வேறு. தன் ரவிக்கையைத் தானே வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் திரும்பிப் பார்க்கிற அந்தச் சுகம் தனக்கு இனிமேல் இல்லையோ என்று நினைத்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் பி.ஃபார்ம் படிக்கிற மகள் பிரித்திகாவைக் கூட்டிக்கொண்டு பிளாஸ்டிக் சர்ஜன் அம்மாவைப் பார்க்கப் போனாள். தொங்குகிற தோலை எடுத்துவிட்டு உள்ளே சிலிக்கான் வைக்கலாம் என்றார் டாக்டர். மாதிரிக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார். தேவசேனா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தையலே காணமே டாக்டர். எங்க மூடுனாங்க இத?"

டாக்டர் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டும். தழும்பு இருக்கும். சிலருக்குச் சுற்றிலும் கெட்டிப்பட்டுப் போகும். ஆயுசுக்கும் நிற்கிற சாமான் இல்லை, சில வருஷங்கள் கழித்து மாற்ற வேண்டி வரலாம்.

"அப்ப இதுவும் ஆல்டரேசன் கேசுதான்" என்றாள் தேவசேனா.

"அப்படியே வெச்சுக்கோங்க. அவசரமே இல்ல. சின்னப் பையில அரிசி போட்டு உள்ள வெச்சு வீட்டுல நடந்து பாருங்க. அந்தக் கனமும் அளவும் பிடிச்சிருக்கான்னு உங்களுக்கே தெரியும். கங்கம்மா ஜாத்திரை முடிஞ்ச திங்கட்கிழமை வந்து சொல்லுங்க, வேணுமா வேணாமான்னு."

வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவன் மணிவேல். தேவசேனாவின் புருஷன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் எலெக்ட்ரீஷியன். முதல் ஆபரேஷனின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டவன். இரண்டு வருஷமாக அந்த வேண்டுதல்களைத் தீர்த்துக்கொண்டிருப்பதால் அவன் தலையில் முடி வளரவே நேரமில்லை.

"எனக்கு நீ இப்டியே போதும்" என்றான்.

"உனக்குன்னு யாரு மாமா சொன்னா? கண்ணாடி பாக்கறது நானு."

"அது சுகருக்கோசரம் பண்ணது. இது அழகுக்கு. அழகுக்குப் போயி எதனா ஒண்ணு ஆயிட்ச்சின்னா?"

தேவசேனாவுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான். மகளைப் பார்த்தாள். "உன் உடம்புமா. நைனாவும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது" என்று மகள் ஒதுங்கிக்கொண்டாள்.

அரிசி வைப்பது என்றால் ஏனோதானோவென்று முடிச்சுப் போட்டு வைக்கிறவளா அவள். மல் துணியில் இரண்டு பை வெட்டி, பொன்னி அரிசியை நிரப்பி, சுற்றிலும் கையால் நெருக்கமாகத் தைத்தாள். ஒரு மெரூன் ரவிக்கையை வெட்டி, உள்பக்கம் அந்தப் பைகளுக்கென்றே அறை வைத்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போனாள். முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு அந்த வாரம் முழுக்க மெஷினில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காய்கறிக்காரரிடம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பேரம் பேசினாள். நகரவும் இல்லை, நழுவவும் இல்லை, அரிசி சமர்த்தாக அதன் இடத்தில் இருந்தது.

அதற்குள் ஜாத்திரை வந்துவிட்டது. கங்கம்மா ஜாத்திரை என்றால் திருப்பதியில் ஆண்கள் புடவை கட்டுவார்கள். வேண்டிக்கொண்டவர்கள் மஞ்சள் பூசி, பூ வைத்து, வளையல் போட்டு, பெண்ணாக அலங்கரித்துக்கொண்டு அம்மனைப் பார்க்கப் போவார்கள். அந்த வாரம் தேவசேனாவின் கடையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கெல்லாம் மீசை இருக்கும். ஜாத்திரையன்று காலையில்தான் அதை எடுப்பார்கள். உள்ளே பஞ்சு வைத்த ரவிக்கைக்கு அவள்தான் பேர்போனவள். வருகிறவர்களுக்கு முதல் ஐந்து நிமிஷம்தான் வெட்கம், பிறகு அவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பெண்களே தேவலை.

"இன்னும் கொஞ்சம் எடுப்பா வெய்க்கா" என்றான் சுதீர். சத்தியவேட்டுக்காரன், இங்கே பேங்கில் வேலை. குழந்தை பிறந்தால் வேஷம் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, பிறந்த பிறகும் வருஷா வருஷம் விடாமல் கட்டுகிறான்.

"போன வருசமே எடுப்பாதான் வெச்சேன். உன் பொண்டாட்டி வந்து என்னாண்ட சண்ட போட்டுது" என்றாள் தேவசேனா.

ஜாத்திரையன்று காலையில் வெயில் தாங்கவில்லை. தேவசேனா மெரூன் ரவிக்கையைக் கழற்றி, வியர்வை காயட்டும் என்று ஹேங்கரில் மாட்டிவிட்டு, பின்னால் இருந்த வீட்டுக்குக் குளிக்கப் போனாள். லாட்ஜுக்கு லீவு போட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான் மணிவேல். அவசரமாக வந்த சுதீர், "மெரூன் கலரு, அண்ணா" என்றான். மணிவேலுக்கு ரவிக்கையில் கலர் மட்டும்தான் தெரியும். ஹேங்கரில் தொங்கியதை எடுத்துக் கொடுத்தான். சுதீருக்குத் தைத்த மெரூன் ரவிக்கை துணிப்பைக்குள் பத்திரமாக இருந்தது.

மேளம் தெருவுக்குள் நுழைந்தபோது தேவசேனா கடை வாசலில் நின்றிருந்தாள். கூட்டத்துக்கு முன்னால் சுதீர்: பச்சைப் பட்டு, தலை நிறைய கனகாம்பரம், கூலிங் கிளாஸ், உதட்டில் சாயம். ஆடிக்கொண்டே வந்தான். ஆள் ஒல்லி, சுற்றளவில் அவளும் அவனும் ஏறக்குறைய ஒன்றுதான். தான் தனக்காகத் தைத்த கழுத்து வளைவை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். ரவிக்கை அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஜனங்கள் அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், பெண்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். தேவசேனாவுக்குக் கோபம் வரவில்லை. பொறாமை வந்தது. காலையில்தான் மீசை எடுத்த ஒரு பேங்க்காரன்மேல், அப்பட்டமான பொறாமை. அது என்னுது, எனக்கு வேணும் என்று நினைத்தாள். இத்தனை நாள் அதை அவள் இவ்வளவு தெளிவாக நினைத்ததில்லை.

சாயங்காலம் சுதீர் லுங்கியில் வந்தான். உதட்டுச் சாயம் பாதி மிச்சமிருந்தது. ரவிக்கையை நீட்டினான்.

"அக்கா, இந்த வருசம் இன்னாக்கா வெச்சே உள்ள? தோளு உட்டுப்போச்சி. ஆனா ஒண்ணு, நிமிந்து நடந்தேன்க்கா. எல்லாரும் சொன்னாங்க."

"ஒரு பக்கம் காலியா கீதே சுதீரு?"

"கூட்டத்துல எவனோ இழுத்துட்டான். அரிசி கொட்டிக்கினே வந்துச்சி. நேர்ந்துவுட்ட சேவல் ஒண்ணு கோயில் வரிக்கும் என் பின்னாலியே பொறுக்கிக்கினு வந்துச்சிக்கா. அம்மாவே அனுப்பிச்சிருக்கான்னு ஜனங்க கும்புட்டாங்க."

தேவசேனா மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் பையை வெளியே எடுத்துப் பிரிந்த இடத்தைப் பார்த்து, "என் தையலு தானா வுடாது. இழுத்துதான் கீறானுங்க" என்றாள். அந்த மட்டில் மானம் காப்பாற்றப்பட்டது.

சுதீர் போன பிறகு மணிவேல் அருகில் வந்து நின்றான். "நான்தான் மாத்திக் குட்த்துட்டேன்" என்றான். பிறகு மெதுவாக, "கொட்டிட்ச்சி இல்ல, அதோட வுட்டுரேன்" என்றான்.

தேவசேனா சூம்பிப்போன பையை மடியில் வைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, அவன் வருசத்துக்கு ஒரு நாளு ஆசப்பட்டுக் கட்டிக்கினு போறான். ஊரே அவன் கால்ல தண்ணி ஊத்துது. நீயும் கும்புட்ட, நான் பாத்தேன். எனக்கு ஆசையா கீது மாமா. பயமாவும் கீது. ஆனா ஆசதான் பெருசா கீது. திங்கக்கெழம போயி வேணும்னுதான் சொல்லப்போறேன்."

மணிவேல் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். பின்னால் வீட்டுக்குள் போனான். அரிசி டின்னின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே மேளம் இன்னும் ஓயவில்லை. அவள் ஊசியில் நூல் கோத்து முடிச்சுப் போட்டு முடித்தபோது, மூடிய கையை முன்னால் நீட்டியபடி வந்து நின்றான்.

"திங்கக்கெழம வண்டில நானே இட்டுக்கினு போறேன்" என்றான். விரல் இடுக்கில் அரிசி பிதுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவு பெரிய பிடி.

தேவசேனா பையின் வாயை விரித்துப் பிடித்தாள். அவன் கையைத் திறக்க, விழுகிற அரிசியைக் கண்ணால் அளந்துகொண்டே இருந்தாள். பாதி விழுந்து, தனக்கு வேண்டிய அளவு வந்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு மிச்ச அரிசியோடு அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, பையைத் தைக்க ஆரம்பித்தாள்.