தங்கை வழி வந்த ரத்தம்

தங்கை மகனுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும் என்றார்கள். இருக்கும் தாய்மாமன் நான் ஒருவன்தான். ஜொகூரில் லாரி வேலையை விட்டுவிட்டுப் பினாங்குக்குப் பஸ் ஏறினேன். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில், ஒரு வயதுப் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி வலது காதைக் குத்தினார். ரத்தம் நிற்கவில்லை. மஞ்சளை வைத்து அழுத்தினார்கள். துண்டு நனைந்துகொண்டே இருந்தது. மாலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டபோது, தங்கை பக்கத்தில் நிற்க, நான் சொன்னேன். நிபோங் திபாலில் என் தம்பி பல் பிடுங்கி, ரத்தம் நிற்காமல்தான் செத்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு நான்கு. அவளிடம் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தோம். கல்யாணப் பேச்சு வந்தபோதும் இதை எடுக்க வேண்டாம் என்றாள் அம்மா. இவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று எனக்கும் பட்டது. பிள்ளையை மடியில் வைத்தபோது தம்பியின் ஞாபகமே வரவில்லை.

டாக்டர் தாளில் கோடு போட்டு மலாயில் விளக்கினார். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது. ரத்தம் உறையாத இந்தக் குறை இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று கெட்டாலும் பெரும்பாலும் மற்றது காப்பாற்றிவிடும். ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் அம்மா கொடுப்பது. எங்கள் அம்மாவின் இரண்டில் நல்லது எனக்கு வந்திருக்கிறது. கெட்டது தம்பியைக் கொன்றது. தங்கைக்குள் சத்தமில்லாமல் இருந்தது.

ஊசி போட்டதும் பிள்ளை பிழைத்தான். இனி ஆயுசுக்கும் ஊசிதான்.

தங்கை அப்போது ஏழு மாதம். வயிற்றில் இருப்பது பெண் என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கும் இது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். மாப்பிள்ளை நல்ல மனிதர். ஆஸ்பத்திரி நாற்காலியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணுதானே லா, இது தப்பிச்சிரும்" என்றார்.

தங்கை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நானும் அப்படித்தானே தப்பிச்சேன், இல்லண்ணே?"

குவாந்தானில் லாரிக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். மறுவாரம் போய்விட்டேன்.