ஒடைக்கட்டுமா யக்கா?

ஜெயபாலைப் பற்றி எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மனிதர் ஜேசிபி ஓட்டுபவர். பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு அஸ்திவாரம் தோண்டியதே அவர்தான். அந்த வேலை முடிந்தும் வண்டியை எங்கள் கேட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில்தான் நிறுத்துவார். மனைவி ஞானகுமாரியோடு ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார், குடிக்க மாட்டார், யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார். இப்படிப்பட்ட ஆளாகப் பார்த்துத்தான் நாங்கள் அந்தக் காரியத்தைக் கொடுத்தோம்.

எங்கள் பின்பக்க மதிலுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், நாலே நாலு வீடு. போன வருட மழையில் தண்ணீர் எங்கள் தரைத்தளத்துக்குள் ஏறியது. மதிலை உடைத்தால் எங்களுக்கு வடிந்துவிடும்; அந்த நாலு வீட்டுக்குள் பாய்ந்துவிடும். சங்கச் செயலாளர் நடேசன் வங்கியில் ஓய்வு பெற்றவர், அஞ்சல் வழியில் தத்துவம் படித்தவர். படிக்கட்டில் ஏறி நின்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்துவிட்டார்.

"இங்க நூத்தியிருபது குடும்பம், அங்க நாலு. ரொம்பப் பேருக்கு எது நல்லதோ அதுதான் நியாயம். இதுல உணர்ச்சிவசப்பட ஒண்ணுமே இல்ல."

கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் மேலே போனது. மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கைகளை யாரும் கேட்கவில்லை. ஜெயபால் இடித்தார். நாலு வீட்டாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடித் தப்பித்தார்கள். அதில் வேம்புலியம்மாள் என்பவரின் வீட்டுச் சுவர் மட்டும் விழுந்துவிட்டது. நாங்கள் ஜெயபாலுக்குச் சால்வை போர்த்தினோம். தண்ணீர் வடிந்த கையோடு மதிலை முன்னைவிட உயரமாக, கான்கிரீட்டிலேயே கட்டிக்கொண்டோம். அதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு!

ஜெயபாலுக்குத்தான் சோறு இறங்கவில்லை. செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே நடந்ததை டீக்கடையில் அவரேதான் என்னிடம் சொன்னார்.

"ஃபாதர் இன்னா பாவம்னு கேட்டாரு சார். அது தெரிலன்னுதானே வந்துகீறேன்னேன். சரி, மனசு வருந்தி மனஸ்தாப மந்திரம் சொல்லுன்னாரு. இனிமே செய்ய மாட்டேன்னு அதுல ஒரு எடம் வரும், அங்க வந்ததும் வாய் அடைச்சிகிச்சு. மறுபடி தண்ணி ஏறிச்சுன்னா நான் அதையேதானே செய்வேன்? பொய் சொல்லச் சொல்றீங்களா ஃபாதர்னு கேட்டுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்ண்ணே?"

"அவுருக்கும் கொழப்பமா பூட்ச்சி. போயி அந்தம்மாவப் பாருன்னாரு."

போய்ப் பார்த்தார். வேம்புலியம்மாள் திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பார். அந்த அம்மாள் திட்டவில்லை. "அத்தினி ஊடு கீற எடத்துல நீ இன்னா பண்ணுவ? ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நைனா" என்றாராம்.

"கேட்டிருந்தா இன்னா யக்கா சொல்லியிருப்ப?"

"தெரிலயே. யாரும் கேக்கலியே."

இந்தப் பேச்சை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார் மனிதர்.

இந்த வருடமும் மழை சும்மா விடவில்லை. நடேசனின் மனைவி சரசா அம்மா நுரையீரல் கெட்டுப்போய், தரைத்தள வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். கரண்ட் இல்லை, ஜெனரேட்டர்தான் ஓடியது. தண்ணீர் அதைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நடேசன் முட்டளவுத் தண்ணீரில் ஓடி வந்து ஜெயபாலின் கையைப் பிடித்துக்கொண்டார். நூற்றியிருபது, நாலு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

"என் பொண்டாட்டி உள்ள இருக்காப்பா. இடிப்பா."

ஜெயபால் வண்டியை மதில் வரைக்கும் கொண்டுபோனார். அங்கே நிறுத்தி, வண்டியின் கூரை மேல் ஏறி நின்று, மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"யக்கா! ஒடைக்கட்டுமா?"

அந்தப் பக்கமிருந்து வேம்புலியம்மாளின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "வேணாம் நைனா! இப்பத்தான் செவுரு எழுப்பிகீறேன்!"

இறங்கினார். வண்டியை அணைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினேன். நாலைந்து பேர் கடப்பாரையால் மதிலை இடித்துப் பார்த்தார்கள். நாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய மதில், அசையவில்லை. ஜெனரேட்டர் நின்றது. சரசா அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் மெத்தையோடு தூக்கி வந்து ஜேசிபியின் மண் அள்ளும் பக்கெட்டில் கிடத்தினோம். மெயின் ரோட்டு ஆம்புலன்ஸ் வரை ஓட்டிக்கொண்டு போனவரும் ஜெயபால்தான். உயிர் இருக்கிறது. நினைவு இன்னும் திரும்பவில்லை. நடேசன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடக்கிறார்.

தண்ணீர் வடிந்ததும் ஜெயபால் மண்வெட்டியோடு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டுச் சேற்றைத்தான் முதலில் வாரினார். அவர் செய்தது தப்பு என்று சொல்ல வாயெடுத்தால், போன வருடம் தூக்கிய கை ஞாபகத்துக்கு வருகிறது. சரி என்று சொல்லலாமென்றால் சரசா அம்மாவின் முகம். என்ன மண்ணாங்கட்டி நியாயமோ!

அப்போதுதான் வேம்புலியம்மாள் கேட்டைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். விஷயம் அன்றைக்குத்தான் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"ஒரு பொம்பள மூச்சு வுட முடியாம கெடந்துச்சாமே. எங்கிட்ட அத ஏன் சொல்லல?"

ஜெயபால் நிமிரவில்லை. "சொல்லியிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்பியா யக்கா?"

"எப்பிடிச் சொல்லுவேன்?"

"அப்பால நான் கேக்கறதுக்கு இன்னா அர்த்தம்? அது கேக்கறதா, மெரட்றதா?"

வேம்புலியம்மாள் எங்கள் வாசலில், சேற்றில் நின்றபடி யோசித்தார். கோபம் போய் முகத்தில் பயம் மாதிரி ஒன்று வந்திருந்தது.

"அர்த்தம் இல்லதான்" என்றார். "ஆனாலும் சொல்லியிருக்கணும் நைனா. இப்ப நானுல்ல அந்தம்மாவ வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிட்ச்சு."

ஜெயபால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார்.