நான் எழுதாமல் விட்ட பெயர்

எங்கள் தேர்தல் தொகுதி ஒரு கடலில் தொடங்கி இன்னொரு கடலில் முடிந்தது. மேற்கே மன்னார், கிழக்கே முல்லைத்தீவு, நடுவில் காடும் குளங்களும். இந்தக் கரைச் சனமும் அந்தக் கரைச் சனமும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது; கொழும்பில் யாரோ வரைபடத்தில் கோடு கீறி, இத்தனை பேருக்கும் சேர்த்து அரசாங்க சபையில் ஒரு உறுப்பினர், ஒரு கதிரை போதும் என்று முடிவெடுத்திருந்தார்கள். படிப்போ சொத்தோ இல்லாத ஆணும் பெண்ணும்கூட இருபத்தொரு வயதானால் வாக்குப் போடலாம் என்ற சட்டமும் அப்போதுதான் வந்திருந்தது.

நான் மன்னார்த் தீவிலிருந்து வந்து விடத்தல்தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்ட விதானையார், வாக்காளர் பட்டியல் எழுத என்னைக் கூப்பிட்டார். ஊருக்குத் தலைமைக்காரர் அவர், மறுக்க முடியவில்லை. கரையோர வீடுகளை இரண்டு நாளில் முடித்துவிட்டு, மாட்டு வண்டிலில் பெரியமடுப் பக்கத்து வயல் குடியிருப்புகளுக்குப் போனோம். அந்தப் பக்கம் காய்ச்சலுக்குப் பேர்போனது. எப்போது திரும்புவோம் என்ற நினைப்போடுதான் நான் ஒவ்வொரு படலையையும் திறந்தேன்.

ஒரு வீட்டில் புருஷன் முற்றத்தில் நின்று தன் பெயரைச் சொன்னான். மனைவி அடுப்பு புகைந்த குசினி வாசலில் நின்றாள், இடுப்பில் ஒரு சின்னப் பெண் பிள்ளை.

"அக்காவின்ர பேர்?" என்று கேட்டேன்.

அவள் வாய் திறக்க முன்பே அவன், "பெம்பிளையளின்ர பேர் அரசாங்கக் கந்தோர்க் கடுதாசியில என்னத்துக்கு வாத்தியார்? என்ர பேர் போதும்," என்றான்.

அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். பெண்களையும் எழுதத்தான் சட்டம். ஆனால் வெயில் உச்சியில் நின்றது. விதானையார் வண்டிலில் இருந்து, "கெதியா வாரும்," என்று கத்தினார். நான் பட்டியல் புத்தகத்தை மூடினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேர்தல் நாள் எங்கள் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடியானது. எழுத்தறியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். பட்டியலில் பெயர் பார்த்துச் சொல்வது என் வேலை. மத்தியானத்துக்குச் சற்று முன் அவள் வந்தாள். காட்டுப் பாதையில் நடந்து வந்திருந்தாள். கால் முழங்கால்வரை புழுதி. பெயரைச் சொன்னாள். தேட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நான் தாளைப் புரட்டினேன்.

"பேர் இல்லை, அக்கா."

"அதெப்பிடி இல்லாமப் போகும்? நீங்கள்தானே முற்றத்தில நிண்டு எழுதினனீங்கள்? அவர் வேண்டாமெண்டாலும், விதானையாரிட்டக் கேட்டு என்ர பேரையும் எழுதியிருப்பியள் எண்டெல்லோ வந்தனான்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தலையை நிமிர்த்தி, "பேர் இல்லாட்டி வாக்கு இல்லை. அடுத்த ஆள் வாங்கோ," என்றார்.

அவள் நகரவில்லை. "ஐயா, என்ர மூத்தவன் போன மாரியில காய்ச்சலில செத்தவன். மன்னார் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே போயிட்டான். எங்கட பக்கம் ஒரு மருந்துச்சாலை வேணும் எண்டு போட வந்தனான். இனி எப்ப போடலாம்?"

"அடுத்த முறை. நாலஞ்சு வருஷம் செல்லும்."

"அதுவரைக்கும்?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பள்ளிக்கூட வேலிக்கு அப்பால் அவள் நடந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை.

வென்றவர் எங்கள் கரைக்கு வரவே இல்லை. தோற்றவரும் வரவில்லை.

அடுத்த தேர்தலுக்குப் பட்டியல் திருத்த விதானையார் ஆள் தேடியபோது நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவள் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. புருஷன் தானாகவே முன்வந்து, "இந்த முறை அவளின்ர பேரையும் போடுங்கோ, வாத்தியார்," என்றான்.

அவள் சுளகை நிறுத்தவில்லை.

"வேண்டாம், தம்பி."

"அக்கா, அண்டைக்கு என்ர பிழைதான். நான் எழுதியிருக்க வேணும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"சின்னவளும் போயிட்டாள். அதே காய்ச்சல். இனி ஆருக்கு மருந்துச்சாலை?"

புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் புத்தகத்தை முழங்காலில் வைத்து அவள் பெயரை எழுதினேன். அவள் தடுக்கவில்லை; பார்க்கவுமில்லை.

தேர்தல் நாள் விடிந்ததிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷன் மட்டும் வந்து போட்டான். "கூப்பிட்டனான். வரமாட்டன் எண்டிட்டாள்," என்றான். சாவடி மூடும்போதும் அவள் பெயருக்கு எதிரே வாக்குப் போட்ட அடையாளம் விழவில்லை. பெட்டிகளுக்கு அரக்கு வைத்து முடித்த அதிகாரி, என் பட்டியலை வாங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"இந்த முறை பெம்பிளையள் நல்லா வந்திருக்கினம், என்ன?"

"ஓம் ஐயா," என்றேன்.