பெங்களூர் பஸ்ஸில் வந்த எலுமிச்சை கேக்

எலுமிச்சை கேக் செய்யும் முறை எங்கள் வீட்டுக்கு மொத்தமாக வந்து சேரவில்லை. பெங்களூர் பஸ்ஸில், ஒருநாள் விட்டு ஒருநாள், துண்டு துண்டாகத்தான் வந்தது. கொண்டுவந்தவர் அப்பா.

எழுபதுகளில் அப்பா தர்மபுரியிலிருந்து பெங்களூர் போகும் பஸ்ஸுக்கு டிரைவராக இருந்தார். விடியற்காலையில் கிளம்பினால் பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்புவார். பஸ்ஸை நிறுத்திவிட்டு, அங்கிருந்து சைக்கிள் மிதித்து அதியமான்கோட்டைக்கு வருவார். மறுநாள் ஓய்வு. அதற்கடுத்த நாள் மறுபடி பெங்களூர். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அந்த வருடம் எனக்கு ஒரு தம்பி வருவதாக இருந்தது. அம்மாவைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று நாள் கழித்து அம்மா மட்டும் திரும்பி வந்தாள். "தம்பி வரல பாப்பா" என்று அத்தை சொன்னாள். டிரைவர் வீட்டுப் பிள்ளையான எனக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. வர வேண்டிய பஸ் வராமல் போவது எங்கள் வீட்டில் அன்றாடம் பேசப்படும் விஷயம். அடுத்ததில் வருவான் என்று இருந்துவிட்டேன்.

அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான். சமைக்கவில்லை, தலை வாரவில்லை, என்னைப் பார்த்து "பள்ளிக்கூடம் போலயா" என்றுகூடக் கேட்கவில்லை. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கடத்தூரிலிருந்து வந்து சமையலைப் பார்த்துக்கொண்டாள். களி கிண்டி, கீரை கடைந்து, தட்டில் வைத்து அம்மாவின் தலைமாட்டில் கொண்டுவந்து வைப்பாள். தட்டு பெரும்பாலும் அப்படியே திரும்பிப் போகும். அத்தை அப்பாவைப் பார்ப்பாள், அப்பா தரையைப் பார்ப்பார். இப்படியே ஒன்றரை மாதம் ஓடியது.

ஒருநாள் பொழுது சாய அப்பா வந்தபோது காலி டிபன் பாக்ஸுக்குள் ஒரு பொட்டலம் இருந்தது. பெங்களூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ரொட்டிக் கடையில் வாங்கினாராம். பிரித்தால், ஓரம் நசுங்கிய ஒரு மஞ்சள் கேக் துண்டு. எனக்குக் கேக் என்றால் ஊர்ப் பெட்டிக் கடையில் கண்ணாடி ஜாடியில் இருக்கும் காய்ந்த வில்லைதான். இது விரலில் ஒட்டியது. பாதியை வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் அம்மா நினைவு வந்தது. மீதியைக் கொண்டுபோய் அவள் உதட்டில் வைத்துத் தேய்த்தேன். வேறு வழியில்லாமல் மென்றாள். மென்று முடித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"இதுல எலுமிச்சம்பழம் போட்டிருக்காங்க" என்றாள். "ஏங்க, கேக்குன்னா காய்ஞ்சு கெடக்கும். இது எப்படி இப்படி ஈரமா இருக்குது?"

அம்மா தானாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாள் ஆயிற்றென்று எனக்குக் கணக்கு இல்லை. அப்பாவுக்கு இருந்திருக்க வேண்டும். கழற்றிய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அடுத்த ட்ரிப்புல கேட்டுட்டு வரேன் புள்ள" என்றார்.

கேட்டும் வந்தார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் வெள்ளையாக நுரைத்து வரும்வரை ஒரே பக்கமாக அடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் வந்தது. கடைக்காரர் கன்னடக்காரர். அப்பாவுக்குக் கன்னடத்தில் "முன்னாடி நகருங்க", "சில்லறை கொடுங்க" இரண்டும்தான் சுத்தமாக வரும். ராயக்கோட்டைப் பக்கத்துக் கண்டக்டர் மாமா கன்னடமும் தெலுங்கும் பேசுவார், அவர்தான் நடுவில் நின்று கேட்டுச் சொன்னாராம். மற்றதெல்லாம் வழியில் மறந்துவிட்டது என்றார் அப்பா. அடுத்த தடவை முட்டைகளை மொத்தமாக உடைத்து ஊற்றாமல் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும் என்று வந்தது. அதற்கடுத்து, மைதாவைச் சமையல் சோடாவோடு சேர்த்து மூன்று தடவை சலிக்க வேண்டும் என்று வந்தது.

நான் போன வருடத்து நோட்டில் மிஞ்சிய பக்கங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எழுதினேன். அப்பா சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும் பென்சிலோடு வந்து தரையில் உட்காருவேன். அம்மா பாயைவிட்டு எழுந்து எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். அப்பா முகம் கழுவி, தண்ணீர் குடித்து, நெற்றியைத் தேய்த்து, என்னமோ சொன்னாரே என்னமோ சொன்னாரே என்று யோசித்து, கடைசியில் ஒன்றே ஒன்றைச் சொல்வார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். எங்கள் டீச்சர் வல்லாரை சாப்பிட்டால் மறதி போகும் என்று சொல்லியிருந்தாள். ஏரிக்கரை ஈரத்தில் அது படர்ந்து கிடந்தது. பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்து அத்தையிடம் கொடுத்தேன். அத்தை துவையல் அரைத்தாள். அப்பா மறுபேச்சு இல்லாமல் மூன்று வாரம் அதைத் தின்றார். ஒரு பலனும் இல்லை.

கேக் சுட எங்கள் வீட்டில் அடுப்பைத் தவிர ஒன்றும் கிடையாது. ரோட்டோரத்தில் தகர வேலை செய்யும் பாயிடம் அத்தை என்னை அனுப்பினாள். பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி வட்டமாக ஒரு பாத்திரம் செய்துகொடுத்தார். எதற்கு என்று விசாரித்துவிட்டு, விளிம்பு வைத்த ஒரு மூடியும் சேர்த்துச் செய்தார். "கீழ மட்டும் நெருப்பு வெச்சா மேல வேகாதும்மா. பிரியாணிக்குத் தம் போடற மாதிரி மூடி மேலயும் தணலை அள்ளிப் போடச் சொல்லு அம்மாகிட்ட" என்றார். நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் கேக் செங்கல்லாக வந்தது. அத்தை அதை உரலில் போட்டு இடித்துப் பாலில் ஊறவைத்து எனக்குக் கொடுத்தாள். "ஆறு முட்டை போச்சு" என்று மட்டும் சொன்னாள். இரண்டாவதில் அம்மா எலுமிச்சம்பழத் தோலைத் துருவிப் போட்டுப் பார்த்தாள். வாசனை ரோடு வரை போயிற்று. வாயில் வைத்தால் வேப்பங்காய்.

அன்றைக்கு அம்மா துப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, "என் கையில எதுவுமே உருப்படியா வராதுங்க அண்ணி" என்றாள். திரும்பவும் பாயில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் கேக்கைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, "ரெண்டுதானே ஆச்சு, இன்னும் செய்யலாம்மா" என்றேன். அத்தை என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அம்மா அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை.

அப்பா அடுத்த பெங்களூர் நடையிலிருந்து வந்தபோது முகம்கூடக் கழுவவில்லை. நேராக அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கசக்குதுன்னு சொன்னேன் புள்ள. அந்த ஆளு சிரிக்கறாரு. அவரு கடை போட்ட புதுசுல ஒரு வருசம் கசப்பாத்தான் சுட்டாராம். மேல இருக்கற மஞ்சத் தோலு மட்டும்தான் துருவணுமாம். உள்ள வெள்ளையா இருக்கே, அதுல கை பட்டுட்டா கசக்குமாம். உன் கையில ஒண்ணும் இல்லையாம்."

அம்மா திரும்பவில்லை. அப்பா எழுந்திருக்கவும் இல்லை. நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தேன். நெடுநேரம் கழித்து அம்மா, "ஒரு வருசமா?" என்று கேட்டாள். அப்பா ஆமாம் என்றார்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது பாய் சுருட்டி வைத்திருந்தது. அம்மா குளித்துவிட்டு, அத்தை வேண்டாம் வேண்டாமென்று தடுத்தும் கேட்காமல், கொல்லையில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் அவளே களி கிண்டினாள்.

மூன்றாவது கேக்கைக் கெடுத்தது நான். மூடி மேல் தணல் போட்டு, பாத்திரத்துக்குக் கீழே மணல் கொட்டி, எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது. கிளம்பி வந்த வாசனையில் என்னால் இருக்க முடியவில்லை. அம்மா தண்ணீர் எடுக்கப் போன நேரம், இடுக்கியால் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கேக் உப்பலாக, அழகாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் பொசுக்கென்று அமுங்கி, கோடையில் வற்றிய ஏரி மாதிரி குழி விழுந்துவிட்டது. போதாததற்கு ஒரு கைப்பிடி சாம்பல் வேறு உள்ளே விழுந்தது. அம்மா குடத்தோடு வந்து பார்த்தாள். நான் அழத் தயாராக நின்றேன்.

அம்மா குழியைப் பார்த்தாள், இடுக்கியைப் பார்த்தாள், சாம்பல் அப்பிய என் மூக்கைப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அத்தை உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவளும் சிரிப்பாள் என்று பார்த்தால், கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவர்களை எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

நான்காவது கேக் குழி விழாமல், கசக்காமல், பொன் நிறத்தில் வந்தது. அத்தை இரண்டு துண்டு தின்றாள். ஆனால் ஈரம் இல்லை. "அந்த ஈரம் மட்டும் எப்படின்னு தெரியலீங்களே" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். கட்டாயம் கேட்டு வரச் சொன்னாள். நானும் என் பங்குக்கு, இதையாவது மறக்காதீங்க என்று அதட்டினேன்.

ஒருநாள் விட்டு அடுத்த நாள் அப்பா வந்தார். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். அப்பா சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"எலுமிச்சச் சாறுல சக்கரையப் போட்டுப் பாகா காய்ச்சிக்கணுமாம். கேக்கு சூடா இருக்கும்போதே குச்சியால அங்கங்க குத்தி, அந்தப் பாகை மெதுவா ஊத்திடணுமாம். அவ்வளவுதானாம்."

"அப்படிங்களா?" என்று அம்மா கண்ணை அகல விரித்தாள். "எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

ஐந்தாவது கேக்கை அம்மா கத்தியால் வெட்டியபோது கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. விரலில் ஒட்டியது. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஊறியது. தகர வேலை பாய் வீட்டுக்கு ஒரு தட்டு போயிற்று. அத்தை ஒரு துண்டை வாழை இலையில் மடித்துக்கொண்டு, இனி நான் எதற்கு என்று சொல்லிக் கடத்தூர் பஸ் ஏறினாள். அப்பா கண்டக்டர் மாமாவுக்கும் ரொட்டிக் கடைக்காரருக்கும் டிபன் பாக்ஸில் எடுத்துப்போனார். இரண்டு வருடம் கழித்துத் தம்பி வந்தான். அவன் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் அம்மா அந்தக் கேக்தான் சுட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று வீட்டில் விருந்து. எனக்குக் கல்யாணமாகி, நானும் வந்திருந்தேன். கண்டக்டர் மாமா கேக்கைத் தின்றுகொண்டே ரொட்டிக் கடைக்காரரைப் பற்றிப் பேச்செடுத்தார். அப்பாவின் மறதியைச் சொல்லி நான் சிரித்தேன். வல்லாரைக் கதையையும் சொன்னேன். மாமா கொஞ்சம் விழித்தார்.

"மறதியா? மொத நாளே அந்தக் கடைக்காரர்கிட்ட உங்க அம்மா இருக்கற நெலமையச் சொன்னோம்மா. அவரு மாவு கையோட வெளிய வந்து ஒண்ணு விடாம சொன்னாரு, நான் ஒரு தாள்ல முழுசா எழுதிக் குடுத்தேன். பாகு ஊத்தறது வரைக்கும் அதுல இருந்துச்சு. ஓசூர் தாண்டறப்ப உங்கப்பா சொன்னாரு, இதை ஒரே நாள்ல குடுத்துட்டா நாளான்னைக்கு அவ எதுக்கு எந்திரிப்பான்னு. அதுக்கப்புறம் அந்தக் கடைப் பக்கமே நாங்க ரெண்டு மாசம் போகல."

நான் எழுந்து சமையலறைக்கு ஓடினேன். அம்மா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை.

"அந்தத் தாளா? மொத மொதல்ல நான் எந்திரிச்சுத் துணி தொவைச்சேனே, அன்னிக்கே உங்கப்பா காக்கிச் சட்டைப் பையில இருந்துச்சு. படிச்சுப் பாத்துட்டு, மடிச்சுத் திரும்ப அதுலயே வெச்சுட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா நாலாவது கேக்குல பாகு ஊத்தல?"

"அவரு அதைக் கடைசியா சொல்லணும்னு வெச்சிருந்தாரு பாப்பா. நான் முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

அந்த நாட்களில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு இதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அப்பாவுக்கு ஞாபகம் இல்லை, அம்மாவுக்கு விவரம் இல்லை, இந்த வீட்டில் இந்தக் கேக்கைப் பொறுப்பாகக் கரை சேர்க்கப்போவது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.