சக்கர நாற்காலிப் படம்

செங்கம் சாலையில் நானும் அக்காவும் ஒரே கடையில் வேலை பார்த்தோம். முன்பக்கம் நெட் பார்க்கிற இடம், அது என் பொறுப்பு. பின்பக்கம் மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கிற இடம். அங்கே அக்கா. அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் சேர்ந்து வருவோம், சேர்ந்து போவோம். எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். அக்கா ஒன்பதாவதோடு நின்று டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டவள்.

கடைக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டது நான்தான். வைரஸ் தொல்லை தாங்காமல் ஓனர் சம்மதித்தார். புது மென்பொருள் வேண்டுமென்றால் அதிலேயே ஒரு ஜன்னல் திறக்கும். இடப்பக்கம் அலுவலகம், படங்கள், விளையாட்டு என்று ஆங்கிலத்தில் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம். உள்ளே ஏகப்பட்ட மென்பொருள்கள், எல்லாம் இலவசம். கடை மாதிரிதான். கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் அக்காவுக்குக் கண் மங்கியது. கண்ணாடி போட்டாலும் தெளியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததால் இதை வெளியே பேசக் கூடாது என்றாள் அம்மா. அக்கா திரையில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து அடித்தாள். ஒரு மனுவில் சர்வே நம்பர் மாறிவிட்டது. இன்னொரு தப்பு வந்தால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும் என்று ஓனர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே இருவரும் உட்கார்ந்து தேடினோம். டைப் அடிக்கும்போது எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் திரையை விட்டு வெளியே ஓடியது. மெனுக்கள் பொடியாகவே நின்றன. மென்பொருள் ஜன்னலில் பெரிய எழுத்து என்று ஆங்கிலத்தில் அடித்தேன். விதவிதமான எழுத்துருக்கள் வந்தன. கண்ணாடி என்று அடித்தேன். ஒரு விளையாட்டு வந்தது. பிறகு தலைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். கடைசியில் சக்கர நாற்காலி படம் போட்ட ஒரு தலைப்பு இருந்தது. அது ஊனமுற்றவர்களுக்கு என்று தாண்டிப் போனேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிரின்ட் எடுக்கப் பக்கத்தில் நின்றிருந்தாள். அக்கா எழுந்து தன் இடத்துக்குப் போனாள்.

அந்த மாதமே ஒரு கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாகிப்போனது. அச்சான பிறகுதான் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து நான் மட்டும் ஆட்டோ ஏறினேன். அக்காவின் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள்.

கூட்டம் இல்லாத நேரத்தில், அந்த ஜன்னலில் மென்பொருள்களைப் பற்றி வரும் ஒற்றை வரிகளைத் தமிழாக்கும் தன்னார்வக் குழுவுக்கு வேலை செய்வேன். தலைப்பு தலைப்பாகப் பிரித்துக் கொடுப்பார்கள். யாரும் எடுக்காமல் மிஞ்சியது சக்கர நாற்காலித் தலைப்பு. என்னிடம் வந்தது. திறந்தேன். திரையின் ஒரு பகுதியை உருப்பெருக்கும் கருவி என்று ஒரு வரி. இறக்கிப் பார்த்தேன். மவுஸ் போகிற இடமெல்லாம் எழுத்து கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ ஜெராக்ஸ் கேட்டார்கள். எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் அக்கா, பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் போடும் கடைக்குப் பேப்பர் கப் அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"எங்க இருந்துச்சு?"

"அந்த வீல்சேர் படம் போட்ட தலைப்புல."

"அத நானும் பாத்தேன்டா."

"பாத்தியா? சொல்லவே இல்ல?"

"பக்கத்துல நம்ம தெருக்காரி நின்னுனு இருந்தா. அந்தப் படத்தத் தொறன்னு எப்படிச் சொல்லுவேன்? விடிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுடும்." கப்பை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நீயுந்தான தாண்டிப் போன. இப்பயும் நாலு பேர் முன்னாடி அந்தப் படத்தத் தொறந்துனு ஒக்கார மாட்டேன்."

குழுவுக்கு எழுதினேன். இந்தக் கருவியைப் பொதுக் கருவிகளிலும் காட்ட வேண்டும், பெரிய எழுத்து, பூதக்கண்ணாடி என்று தேடினாலும் வர வேண்டும் என்றேன். தலைப்புகள் விதிப்படி போட்டவை, மாற்ற முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. நாலு பேர் பார்க்க அந்தப் படத்தைத் திறக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று மறுபடி எழுதினேன். யார் என்று எழுதவில்லை. இழுத்து இழுத்துக் கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அந்த மாற்றத்தோடு அடுத்த பதிப்பு வர மாதங்கள் ஆயின.

வந்ததும் கடையில் போட்டுவிட்டு அக்காவைக் கூட்டி வந்தேன். புதுப் பெண் எழுந்து இடம் விட்டாள். அக்காவே பெரிய எழுத்து என்று தமிழில் அடித்தாள். முதல் வரியில் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுவை முழுசாக அடித்தாள். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். ஓனர் பிரின்ட் எடுத்து வாசித்துப் பார்த்தார்.

"ஒரு தப்பும் இல்லம்மா. வேல ஜாஸ்தியா வந்தா சொல்லி அனுப்புறேன்."

அக்கா சரிங்க என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனாள். புதுப் பெண் தன் இடத்தில் உட்கார்ந்தாள். திரை முழுக்கப் பெரிய பெரிய எழுத்தாக நின்றது. அதை மூடத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டாள். போய் மூடினேன்.