கொப்புள டாக்டர்

"எந்த மகராசன் அடிச்சது இது? சுவத்துக்கு வெள்ளையடிக்கிறவனா?" என்று கேட்டுக்கொண்டே கார் வீலின் மேலிருக்கும் பெயிண்ட் கொப்புளத்தைக் கட்டைவிரல் நகத்தால் அமுக்குகிறார். வண்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் கொப்புளம் உடைந்து, பெயிண்ட் தோலாக உரிந்து, அடியிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்கிறது. அதை ஊதிவிட்டு, "துளியூண்டுதான்னு நெனைச்சீங்களா? உள்ள அரிப்பு பாதி வீலுக்கு ஓடியிருக்கு" என்கிறார். எதிராளியின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

எங்கள் தெருவில் அவருக்குக் கொப்புள டாக்டர் என்று பெயர். கார்களின் அலுமினிய வீலில் பெயிண்ட் பொங்கினால் அதை உரித்து, அரித்த இடத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பெயிண்ட் அடிப்பது தொழில். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மூலையில் டயர் கழற்றும் மெஷின், சுவரெல்லாம் தொங்கும் வீல்கள், பெயிண்ட் உரிக்கும் மருந்தின் நெடி. அவர் வாய் அந்த மருந்தைவிடக் காரம். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரனான நான் ஒருமுறை, "அலுமினியத்துக்குத் துருவே பிடிக்காதுன்னாங்களே?" என்று கேட்டுத் தொலைத்தேன். "செவப்பா வந்தாதான் துருவா? வெள்ளையா வந்தா கண்ணு தெரியாதா?" என்று பாய்ந்தார்.

சாவியை இடது கையால் நீட்டினால் வாங்கமாட்டார். கை மாற்றித் தரும்வரை சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். தானும் இடது கையால் எதையும் வாங்கமாட்டார். வேலை முடிந்த வீலின் பின்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஆணியை வைத்துத் தட்டி மூன்று புள்ளி போடுவார். அது அவருடைய கையெழுத்து. "இந்தப் புள்ளி வெச்ச வீலு திரும்பி வந்துச்சுன்னா கடையை இழுத்து மூடிடறேன்" என்பார்.

கடை ஈயாடிக் கிடந்த ஒரு மழைக்காலத்தில் பழைய கார் வியாபாரி ஒருவர் வந்தார். "மேல பளபளன்னு இருந்தாப் போதும்ணே. வாங்கிட்டுப் போறவன் ரெண்டு மழை தாண்டி வந்து கேக்கவா போறான்?" என்றார். டாக்டர் உரிக்கவில்லை, சுரண்டவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவர் கொண்டுவந்த வீல்களில் அரித்த பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். "எவனோ ஒருத்தன் ஓட்டப்போறான்" என்று, நான் கேட்காமலே என்னிடம் சொன்னார். கூத்து என்னவென்றால், பழக்கதோஷத்தில் அந்த வீல்களிலும் அவர் கை மூன்று புள்ளியைத் தட்டிவிட்டது. அப்படி எத்தனை வண்டிகள் எங்கெங்கே ஓடுகின்றனவோ, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் அவருடைய மகள் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார். "இந்தச் சக்கரத்துல காத்து நிக்கவே மாட்டேங்குதுப்பா. பஞ்சர் கடையில ஓட்டையே இல்லங்கறாங்க. நேத்து மெயின் ரோட்ல வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. கொஞ்சம் விட்டிருந்தா லாரிக்கு அடியில போயிருப்போம், இவளும்தான் மடியில இருந்தா" என்றாள்.

அவர் வழக்கம்போல நகத்தைக் கொப்புளத்தில் வைத்து, "எந்த மகராசன்..." என்று ஆரம்பித்தபடியே சக்கரத்தைக் கழற்றி, டயரையும் எடுத்தார். டயர் உட்காரும் விளிம்பு முழுக்க வெள்ளையாக அரித்து, பட்டி பெயர்ந்து கிடந்தது. காற்று அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீலைத் திருப்பினார். பின்பக்கத்தை நானும் பார்த்தேன். அவர் வலது கையை வைத்து அந்த மூன்று புள்ளியை மூடிக்கொண்டார்.

"யாருப்பா இப்படி அடிச்சு வெச்சது?"

மகள் விடுவதாயில்லை. "இதை அடிச்சவன் கை வெளங்குமா? அவன் வீட்டுல புள்ளகுட்டி இல்லையா?" என்றாள். குழந்தை தாத்தாவைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு எழுந்து என் கடைக்கே ஓடிவிடலாம் போலிருந்தது.

"நாலையும் உரிச்சிடலாம்மா. அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க" என்றார், தரையைப் பார்த்து. அந்த மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"வேர்த்துக் கொட்டுதுப்பா, மொதல்ல இதைக் குடி" என்று மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வீலின் பின்பக்கத்தில் அழுத்தி வைத்திருந்த வலது கையை எடுக்காமல், இடது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.